உட்கார ஓரிடம்: முழுப்பலகையில் ஒரு வாங்கு செய்வோம்



நமது தோட்டங்களில் நிற்கிற இடம் நிறைய உண்டு. உட்காருகிற இடம்தான் கொஞ்சம். காலையில் பிரட்டில் நிற்கிறோம். மலையில் நாள் முழுக்க நிற்கிறோம். கொழுந்து நிறுக்கும்போது வரிசையில் நிற்கிறோம். கிளினிக் நாளில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். அப்பாயியும் தாத்தாவும் லயத்துப் படியில் குந்துகிறார்கள், பிறகு எழும்ப முடியாமல் யாராவது வந்து கை கொடுக்கும்வரை காத்திருக்கிறார்கள். "ஒரு வாங்கு போட்டுத் தாங்களேன் ஐயா" என்று கேட்காத லயம் இல்லை.

பிளாஸ்டிக் கதிரை வாங்கலாம். ஆனால் மேடுபள்ளமான தரையில் அதன் கால் சீக்கிரம் விரிந்துவிடும். நல்ல மரத்தில் ஒழுங்காகச் செய்த வாங்கு ஒரு தலைமுறைக்கு நிற்கும். தச்சு வேலை தெரிந்த ஒரு கை எந்த டிவிசனிலும் இருக்கும். முறை தெரிந்து, பொறுமையும் இருந்தால் லயத்து இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்தே இதைச் செய்யலாம். அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறோம்.

முழுப்பலகை வாங்கு என்றால் என்ன?

அடிமரத்தை நீளவாக்கில் தடிப்பாக அரிந்து எடுத்த ஒரே பலகைதான் இதன் இருக்கை. ஒட்டுப்போட்ட துண்டுகள் கிடையாது. பலகையின் இரு ஓரத்தையும் நேராக வெட்டாமல், மரம் வளர்ந்த வளைவோடு அப்படியே விட்டுவிடுவார்கள். பட்டை மட்டும் உரிக்கப்படும். கீழே நாலு கால். இவ்வளவுதான் வேலை. மூட்டு குறைவாக இருப்பதால் பழுதாகிற இடமும் குறைவு.

முதலில் துண்டு, பிறகு மரம்

தோட்டத்தில் நிற்கிற மரம் தோட்ட நிர்வாகத்துக்குரியது. காற்றில் விழுந்த மரமும் அப்படித்தான். "விழுந்து கிடந்ததுதானே" என்று இழுத்துக்கொண்டு வந்தால் அது களவுக் கணக்கில் போய்விடும். ஒரு வாங்குக்காக வேலையும் பேரும் கெடுவதா? டிவிசன் ஐயாவிடம் சொல்லி, தொரையின் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது. எந்த மரம், எந்த மலையில், எதற்காக என்பது துண்டில் இருக்க வேண்டும். டிஸ்பென்சரிக்கோ பிள்ளை மடுவத்துக்கோ பொதுவாகச் செய்வது என்றால், அதையும் எழுதிக் கேளுங்கள். பொதுக் காரியம் என்றால் துண்டு கிடைப்பது சுலபம்.

பலா மரத்துக்கு வேறு சட்டமும் உண்டு. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, சொந்த வளவில் நிற்கிற பலாவைக்கூட அனுமதியில்லாமல் வெட்ட முடியாது. கிராம சேவகர் மூலம் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். எந்த மரமானாலும் லொறியிலோ டிராக்டரிலோ ரோட்டில் ஏற்றுவதற்கு முன், வழிப்பெர்மிட் வேண்டுமா என்று கிராம சேவகரிடமோ வன இலாகாவிலோ கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை. பிடிபட்டால் மரமும் போகும், வாகனமும் நிற்கும்.

எந்த மரம் நல்லது?

கிரவீலியா: தேயிலைக்கு நிழலுக்கும் காற்று மறைவுக்கும் வைத்த மரம். சில்வர் ஓக் என்பதும் இதுதான். அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. நேராக வளரும், அரிவதும் இழைப்பதும் சுலபம். ஆர வாக்கில் அரிந்தால் பலகை முழுக்கப் பட்டுத்துணிபோல மினுமினுக்கும் புள்ளிகள் தெரியும். ஸ்தோப்புக்கும் வீட்டுக்குள்ளும் போடுகிற வாங்குக்கு இது போதும். ஆனால் ஈரமண்ணில் நின்றால் உக்கும், கறையானும் விடாது.

பலா: மஞ்சளாக இருந்து காலப்போக்கில் தேன் நிறமாகிப் பிறகு செம்மண் நிறமாகும். வைரம் உறுதியானது, கறையான் லேசில் தொடாது. வெளியே போடுகிற வாங்குக்குச் சிறந்தது.

யூக்கலிப்டஸ்: பலமானது, பாரமானது. ஆனால் காயும்போது முறுக்கும், நுனியில் பிளக்கும். காலுக்கு நல்லது. இருக்கைக்கு எடுத்தால் கவனமாக இருக்க வேண்டும்.

அல்பீசியா: லேசான மரம். பெட்டிக்கு ஆகும், வாங்குக்கு ஆகாது.

தேயிலை மரம்: பழைய மலை பிடுங்கும்போது கிடைக்கும் தேயிலைத் தூர் மிகவும் கெட்டியானது. அதிலே பலகை வராது. ஆனால் கால்களை இறுக்குகிற ஆப்புக்கு அதைவிட நல்ல மரம் தேடவேண்டாம். அடுப்புக்குப் போகிற மிலாறில் நல்ல கட்டையாக நாலு துண்டு எடுத்து வையுங்கள்.

மரக்காலையில் காய்ந்த பலகை கிடைத்தால் அதை வாங்குவது நேரத்தை மிச்சப்படுத்தும். பழைய கட்டடம் உடைக்கும்போது வரும் தடித்த மரமும் நல்லது. ஆனால் அதில் ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வாள் வைக்க வேண்டும்.

அரிவது

பலகையை மரம் அரியும் ஆலையில் அரிவிப்பதே சரி. செயின் வாளை வைத்து நீளவாக்கில் பலகை அரிவது பழக்கமில்லாதவர்கள் தொடக்கூடாத வேலை. வாள் துள்ளினால் முகத்துக்குத்தான் வரும்.

ஆலையில் மூன்று விசயம் சொல்லுங்கள். ஒன்று, 2½ அங்குலத் தடிப்பு. காய்ந்து சுருங்கி, இழைத்த பிறகு 2 அங்குலம் மிஞ்சும். இரண்டு, மரத்தின் நடுக்குருத்து பலகையில் வரக்கூடாது. குருத்து உள்ள பலகை எப்படிக் காயவைத்தாலும் நடுவே வெடிக்கும். குருத்துக்கு இரு பக்கத்திலும் இருக்கிற பலகைதான் வேண்டும். மூன்று, நீளம் 5 அடி தேவை என்றால் 5½ அடி அரியச் சொல்லுங்கள். இரு நுனியும் கொஞ்சம் வெடிக்கும், அதைப் பிறகு வெட்டிக் கழிக்கலாம்.

அகலம் 12 முதல் 14 அங்குலம் இருந்தால் உட்கார வசதி.

காயவைப்பது: இதுதான் பாதி வேலை

பச்சை மரத்தில் செய்த வாங்கு ஆறு மாதத்தில் நெளியும், கால் ஆடும். "அவசரத்துக்குச் செய்தது, அவசரமாகவே விறகாகும்" என்பார் நமக்குத் தெரிந்த ஒரு தச்சு பாஸ். மரம் நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்குவதே இல்லை. அகலவாக்கில்தான் சுருங்கும். ஒரு அடி அகலப் பலகை பச்சையிலிருந்து காயும்போது அரை அங்குலம் வரைகூடக் குறையலாம். அந்தச் சுருக்கம் முழுதும் முடிந்த பிறகே இழைக்கவும் துளைக்கவும் வேண்டும்.

காயவைக்கும் முறை:

1. அரிந்த அன்றே இரு நுனிக்கும் பழைய பெயின்டோ உருக்கிய மெழுகுதிரியோ தடிப்பாகப் பூசுங்கள். ஈரம் நுனி வழியாகத்தான் வேகமாக ஓடும். அங்கே மட்டும் சீக்கிரம் காய்ந்தால் வெடிப்பு விழும்.

2. பட்டையை அன்றே உரித்துவிடுங்கள். பச்சையில் உரிப்பது சுலபம். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவேதான் பூச்சி குடியிருக்கும். உளியைக் குத்தாமல், மழுங்கிய உளியைப் படுக்கையாகப் பிடித்து நெம்பினால் உள்ளே வழுவழுப்பான ஓரம் அப்படியே கிடைக்கும். அதுதான் இந்த வாங்கின் அழகு.

3. நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கல் அடுக்கி, மட்டம் பார்த்து, அதன்மேல் பலகையை வையுங்கள். ஒரு பலகைக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஒரே அளவான அங்குலச் சட்டம் வைக்க வேண்டும். மேல்சட்டம் கீழ்ச்சட்டத்துக்கு நேராக நிற்க வேண்டும். தள்ளிப்போனால் பலகை அந்த இடத்தில் வளையும்.

4. அடுக்கின் மேல் பாரமான கல் வையுங்கள். மேலே தகரம் போடுங்கள். பக்கங்களை மூடாதீர்கள், காற்று ஓட வேண்டும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்க வேண்டாம். சீக்கிரம் வெடிக்கும், அவ்வளவுதான். லயத்துப் பாதையிலோ கான் மேலோ அடுக்க வேண்டாம். பிள்ளைகள் ஏறி விளையாட முடியாத இடமாக இருக்கட்டும்.

எவ்வளவு காலம்? ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் கணக்கு. 2½ அங்குலத்துக்கு இரண்டரை வருடம். மழையும் மூடுபனியும் உள்ள நமது ஊரில் இன்னும் கொஞ்சம் கூடலாம். பிள்ளை எட்டாம் வகுப்பில் இருக்கும்போது அரிந்து அடுக்கினால், ஓ.எல். எழுதும் வருடத்தில் அந்த வாங்கில் உட்கார்ந்து படிக்கும். இது நீண்ட காலம்தான். ஆனால் அந்தக் காலத்தில் நாம் செய்யும் வேலை ஒன்றும் இல்லை. காற்றே செய்கிறது.

காய்ந்துவிட்டதா என்று அறிய ஒரு நல்ல வழி நம் கையில் உண்டு. மடுவத்துத் தராசில், கேட்டுக்கொண்டு, மாதம் ஒரு முறை பலகையை நிறுங்கள். நுனியில் பென்சிலால் திகதியும் கிலோவும் எழுதுங்கள். முதலில் 24 கிலோ இருந்த பலகை 20 ஆகும், 18 ஆகும், 17 ஆகும். காய்ந்த காலத்தில் மூன்று மாதம் தொடர்ந்து நிறை குறையவில்லை என்றால் அதுக்கு மேல் இந்த ஊர்க் காற்றில் காயாது. வேலையைத் தொடங்கலாம்.

பூச்சி: மரத்தின் ஓரத்தில் உள்ள வெளிறிய வெள்ளைப் பகுதியை உளு தின்னும். சின்னத் துளையும் கீழே மாவுபோலத் தூளும் கண்டால் அதுதான். பச்சையாக இருக்கும்போதே வெங்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீரைப் பூசினால் இது வராது. கையுறை போட்டுப் பூசுங்கள், பாத்திரத்தைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். வண்டியில் வடித்த கழிவு எண்ணெயைப் பூசுகிற பழக்கம் சில இடங்களில் உண்டு. அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்கள் இருக்கின்றன. உட்காருகிற பலகைக்கு, அதுவும் பிள்ளைகள் தொடுகிற பலகைக்கு, அது வேண்டவே வேண்டாம்.

பலகையைச் சமப்படுத்துவது

கொழுந்து எடுக்கிறவருக்கு மட்டக்கம்பு எப்படியோ, தச்சருக்கு நேர்ச்சட்டம் அப்படி. ஒரே உயரமான இரண்டு நேர்ச்சட்டங்களைப் பலகையின் இரு நுனியிலும் குறுக்கே வையுங்கள். குனிந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். முன்சட்டத்தின் மேல்விளிம்பும் பின்சட்டத்தின் மேல்விளிம்பும் ஒரே கோடாகத் தெரிந்தால் பலகை முறுக்கவில்லை. ஒரு பக்கம் தூக்கித் தெரிந்தால் அந்த மூலை உயரம். அதைக் கரித்துண்டால் அடையாளம் செய்து, சீவுளியால் அங்கே மட்டும் எடுங்கள்.

முதலில் குறுக்கும் சாய்வுமாகச் சீவுங்கள். பிறகு நார் ஓடுகிற திசையில் சீவி முடியுங்கள். மரம் பிய்ந்து வந்தால் நாருக்கு எதிராகப் போகிறீர்கள் என்று அர்த்தம். பலகையைத் திருப்பிப் போட்டுச் சீவுங்கள். மேல்பக்கம் ஒழுங்காக இருந்தால் போதும். அடிப்பக்கத்தைக் கால் வருகிற இடத்தில் மட்டும் சமப்படுத்துங்கள்.

வெடிப்பு இருந்தால் பயப்பட வேண்டாம். நுனியிலிருந்து உள்ளே போகிற வெடிப்பைத் தடுக்க, இரண்டு புறாவால் முதுகோடு முதுகு ஒட்டியதுபோல இடை ஒடுங்கிய ஒரு கட்டையைக் கெட்டி மரத்தில் செய்யுங்கள். அதை வெடிப்புக்குக் குறுக்கே வைத்துக் கோடு கிழித்து, பலகைத் தடிப்பில் பாதி ஆழத்துக்குக் குழி வெட்டி, கம் பூசி அடித்து இறக்குங்கள். கட்டையின் நார் வெடிப்புக்குக் குறுக்காக ஓட வேண்டும். வெடிப்பு அதுக்குமேல் விரியாது. பார்க்கவும் அழகு.

கால் போடுவது

உயரம் யாருக்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள். பெரியவர்களுக்கும் கர்ப்பிணித் தாய்மார்களுக்கும் 18 அங்குலம். இதைவிடத் தாழ்ந்தால் எழும்புவது கஷ்டம். பிள்ளை மடுவத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு 10 முதல் 12 அங்குலம். பிள்ளையின் பாதம் நிலத்தில் பட வேண்டும்.

2 அங்குலச் சதுரக் கட்டையில் கால் செய்யுங்கள். மேல் நுனியில் 2½ அங்குல நீளத்துக்கு 1¼ அங்குல வட்டமாகச் செதுக்கினால் அது துளைக்குள் போகும் மூக்கு. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மூக்குள்ள கால்களை இரண்டு வாரம் அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் வையுங்கள். நன்றாகச் சுருங்கும். பிறகு கடைசியாக அளவு பார்த்துச் செதுக்கி அடித்து இறக்கினால், வெளிக்காற்று ஈரத்தில் கால் ஊதித் துளைக்குள் தானாக இறுகும். எந்த ஆணியும் செய்யாத வேலை இது.

துளை போடும் இடம்: நுனியிலிருந்து 9 அங்குலம் உள்ளே, ஓரத்திலிருந்து 3 அங்குலம் உள்ளே. கால் நேராக நிற்கக்கூடாது. கொஞ்சம் வெளியே விரிய வேண்டும். 10 அங்குல உயரத்துக்கு 2 அங்குலம் வெளியே என்பது நல்ல கணக்கு. இந்த அளவில் காலின் பாதம் இருக்கையின் ஓரத்துக்கு நேர் கீழே வரும். வாங்கும் கவிழாது, போகிறவர் காலும் தடுக்காது. அட்டையில் அந்தச் சரிவை வெட்டி, துளை போடுகிறவர் பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றால் நாலு துளையும் ஒரே சரிவாக வரும்.

துளையை மேலிருந்து கீழே முழுதும் போடுங்கள். அடியில் ஒரு பழைய கட்டையை அமுக்கிப் பிடித்தால் மரம் பிய்யாது.

காலின் மூக்கில் ஒன்றரை அங்குல ஆழத்துக்கு வாளால் ஒரு பிளவு போடுங்கள். கம் பூசிக் காலை இறக்கும்போது இந்தப் பிளவு வாங்கின் குறுக்கே நிற்க வேண்டும். இது முக்கியம். பிளவு நீளவாக்கில் நின்றால், நீங்கள் அடிக்கிற ஆப்பு கோடரி விறகைப் பிளப்பதுபோல இருக்கையையே பிளந்துவிடும். குறுக்கே நின்றால் ஆப்பின் பலம் நாரின் நுனியில் தாங்கும், ஒன்றும் ஆகாது. தேயிலைக் கட்டை ஆப்பை கம் பூசிக் கொட்டாப்புளியால் அடியுங்கள். அடிக்கும் சத்தம் கெட்டியாக மாறியதும் நிறுத்துங்கள். ஒருநாள் விட்டு, மேலே நீட்டியிருப்பதை வாளால் அறுத்துச் சீவுங்கள்.

கால் மட்டம்: சீமெந்துத் தரையில் வாங்கை வைத்து, கால்களுக்கு அடியில் சின்னச் சக்கை வைத்து, ரசமட்டம் பார்த்து இருக்கையை நேராக்குங்கள். ஒரு மரத்துண்டின் மேல் பென்சிலைப் படுக்க வைத்து, நாலு காலையும் சுற்றித் தரையோடு ஒட்டிக் கோடு இழுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் நாலு காலும் ஒன்றாகத் தரையில் நிற்கும். வெளியே போடுகிற வாங்குக்குக் கால் மண்ணில் படாமல் தட்டையான கல் வையுங்கள்.

செய்து முடித்ததும் மூன்று நாலு ஆம்பிளைகள் ஒன்றாக உட்கார்ந்து ஆட்டிப் பாருங்கள். சத்தமும் ஆட்டமும் இல்லை என்று உறுதியான பிறகே கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும் உட்காரச் சொல்லுங்கள்.

தேய்த்து மெருகு போடுவது

சாண்ட் பேப்பர் 80, பிறகு 120, பிறகு 180. நார் ஓடும் திசையிலேயே தேயுங்கள். கூர்மூலைகளை எல்லாம் மழுக்குங்கள், பிள்ளை விழுந்தாலும் அடிபடாத அளவுக்கு. 180 முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் ரோமம் எழும்பும். அதை மறுபடி லேசாகத் தேய்த்துவிட்டால் பிறகு சிலும்பு குத்தாது.

தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மறைக்க மாஸ்க் போடுங்கள். மரத்தூள் நெஞ்சுக்குக் கூடாது. கிரவீலியா தூளும் பாலும் சிலருக்குத் தோலில் அரிப்பும் கொப்புளமும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டை போட்டு வேலை செய்து, உடனே குளித்துவிடுங்கள். வீட்டுக்குள்ளே, தொட்டில் பிள்ளை இருக்கும் காம்பராவில், இந்த வேலை வேண்டாம்.

மெருகுக்கு லின்சீட் எண்ணெய் நல்லது. கடையில் 'பாயில்ட்' என்று கேட்டு வாங்குங்கள். பச்சை எண்ணெயை வாங்கி வீட்டு அடுப்பில் காய்ச்ச வேண்டாம். பெயர் அப்படி இருந்தாலும் அது சீக்கிரம் காய மருந்து சேர்த்தது. தேங்காயெண்ணெய் பூசலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது எத்தனை நாளானாலும் காயாது. பிசுபிசுக்கும், தூசு பிடிக்கும், சேலையில் ஒட்டும், பிறகு ஊசிப்போகும்.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் பாதிக்குப் பாதி கலந்து பூசுங்கள். மரம் குடிக்கட்டும். இருபது நிமிடம் கழித்து மேலே நிற்கும் எண்ணெயை முழுதும் துடைத்துவிடுங்கள். துடைக்காமல் விட்டால் பசையாக நிற்கும். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, தனி எண்ணெயை மெல்லியதாக இரண்டு முறை அதே மாதிரிப் பூசித் துடையுங்கள். அட்டன், மஸ்கெலியா பக்கம் இந்த வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. அடைமழையில் எண்ணெய் காயாது, பூஞ்சணம் பிடிக்கும்.

எண்ணெய்த் துணி: இதை இரண்டு முறை வாசியுங்கள்

லின்சீட் எண்ணெய் துடைத்த துணி தானாகவே தீப்பிடிக்கும். நெருப்புக்குச்சி தேவையில்லை. இந்த எண்ணெய் காயும்போது காற்றில் உள்ள ஒட்சிசனை இழுத்துச் சூட்டை வெளிவிடுகிறது. துணி விரிந்து இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் போட்டால் சூடு உள்ளேயே சேர்ந்து, சில மணி நேரத்தில் புகைந்து எரியும். நாம் எல்லாரும் தூங்குகிற நேரமாகவும் அது இருக்கலாம்.

லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பிடித்தால் அது ஒரு காம்பராவோடு நிற்பதில்லை. ஒரே கூரை, ஒரே வரிசை. பக்கத்தில் விறகுப் பரண், மேலே காய்ந்த மரம். அடையாள அட்டையும் பிறப்புச் சான்றும் பிள்ளைகளின் புத்தகமும் ஒரு மணி நேரத்தில் போய்விடும். எத்தனை தோட்டங்களில் இதைப் பார்த்துவிட்டோம்!

ஆகவே எண்ணெய்த் துணியைத் தண்ணீர் நிறைந்த தகரப் பேணியில் அமுக்கி வையுங்கள். அல்லது வெளியே கல்லின் மேலோ கம்பி வேலியிலோ ஒவ்வொன்றாக விரித்து, தகடுபோல விறைக்கும்வரை காயவிடுங்கள். விறகோடு போடாதீர்கள். குப்பை மூட்டையில் திணிக்காதீர்கள். வேலை முடிந்ததும் "துணி எங்கே?" என்று ஒருவர் கேட்க வேண்டும். அதுக்கு ஒருவரைப் பொறுப்பாக நியமியுங்கள்.

பராமரிப்பு

வருடத்துக்கு ஒரு முறை, காய்ந்த காலத்தில், வாங்கைக் கழுவிக் காயவைத்து ஒரு பூச்சு எண்ணெய் கொடுங்கள். வெளியே இருப்பதுக்கு இரண்டு முறை. கால் ஆடத் தொடங்கினால் ஆணி அடிக்க வேண்டாம். பழைய ஆப்பை எடுத்துவிட்டுச் சற்றுத் தடித்த புது ஆப்பு அடித்தால் மறுபடி இறுகிவிடும். அடியில் தூள் விழுகிறதா, கறையான் மண் ஏறுகிறதா என்று மாதம் ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

எங்கே முதல் வாங்கு?

இந்த வேலையை ஒருவரே தனியாகச் செய்வதைவிட லயத்துக்கு ஒரு குழுவாகச் செய்வது நல்லது. ஒருவர் தொரையிடம் துண்டு கேட்கட்டும். ஒருவர் தராசுக் கணக்கு எழுதட்டும். தச்சு தெரிந்த மாமாவோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரட்டும். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு வேலை தேடி நிற்கிற தம்பிமார் கையில் உளியைக் கொடுங்கள். நாலு வாங்கு செய்தவனுக்கு ஒரு தொழில் பாதி தெரியும். டவுனில் இப்படிப்பட்ட முழுப்பலகைச் சாமானுக்கு நல்ல கேள்வி இருக்கிறது.

முதல் வாங்கை டிஸ்பென்சரி வாசலுக்கு அல்லது கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குச் செய்யுங்கள் என்பது எங்கள் வேண்டுகோள். காலை ஏழரைக்கு மலைக்கு ஏறிய தாய், பாரக்கூடையை இறக்கி வைத்த பிறகு, தன் பெயர் கூப்பிடும்வரை பத்து நிமிடமாவது உட்காரட்டும். அதுக்குத் தேவை ஐந்தடிப் பலகையும் நாலு காலும்தான். இந்த மாதமே மரம் பாருங்கள், துண்டுக்கு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் உங்கள் டிவிசன் நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள், எழுதித் தருவோம்.